என் ரத்தம் வரைந்த மலை

லேக் கார்டன்ஸ், கல்கத்தா
12.9.2002

அன்பு மருமகள் மகேஸ்வரிக்கு மாமன் சிவலிங்கம் எழுதுவது. தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பதைத் தவிர நாங்கள் மூவரும் சௌக்கியம்.

பள்ளிக்கூட விலாசத்துக்கு ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். நீ டீச்சர், அங்கே தபால் உன் கைக்கே வரும். வீட்டுக்கு எழுதினால் உன் அப்பா தெருவுக்கே கேட்கும்படி படிப்பார்.

போன மாதம் எங்கள் பேட்டைக் கிளப்பில் ரத்தப் பரிசோதனை முகாம். நான் இல்லாமல் அந்தக் கிளப்பில் விளக்குகூட எரியாது என்பதால் முதல் ஆளாகக் கையை நீட்டினேன். ரத்தத்தை மெஷினில் விட்டால் அது காகிதத்தில் மலை மலையாகக் கோடு போடுகிறது, அம்மிணி. மற்றவர்களுக்குச் சின்னக் குன்று இருக்கிற இடத்தில் எனக்கு மலை. டாக்டரம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். பாதிக் கல்கத்தா அதைப் பார்க்க வந்தது என்று வைத்துக்கொள்.

அதற்குத் தாலசீமியா என்று பேர், பரம்பரையாக வருகிற ரத்தக் குறை. என்னை அது ஒன்றும் செய்யாதாம். ஆஸ்பத்திரியில் ரமேஷ்பாபுவுக்கும் பார்த்தார்கள். அதே மலை. என் மகன்தான் என்பதற்கு இனிச் சாட்சி வேண்டாம் என்று சிரித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கட்டப்போகிற பெண் யார் என்று கேட்டார். அக்கா மகள் என்றேன்.

உன் அம்மாவும் நானும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அதனால் உனக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாமாம். உங்கள் இருவருக்கும் இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் அது முழு நோயாகவே வர நாலில் ஒரு பங்கு ஆபத்து. ஆயுசுக்கும் ரத்தம் ஏற்ற வேண்டும். கல்யாணம் கூடாது என்றில்லை, கருவிலேயே பார்க்கலாம், முடிவு உங்களுடையது என்றார். அப்படியானால் நீங்களே அவளுக்கு எழுதுங்கள் என்றேன். அவள் ரத்தம் அவள் விஷயம், சிவலிங்கம் பாபு, உங்கள் ரத்தத்தைப் பற்றி நீங்கள் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அங்கே ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு வாண்டு என்னிடம் கதை கேட்டது. சுந்தரவனத்தில் நான் புலி அடித்ததைச் சொன்னேன். பை தீர்வதற்குள் மூன்று புலி அடிக்க வேண்டியிருந்தது.

ரமேஷ், எது வந்தாலும் மகேஸுதான் என்கிறான். அது அவன் பேச்சு. நீ கோயமுத்தூரில் பரிசோதித்துக்கொள். பரிசோதனையில் வந்ததை அவனுக்குச் சொல். எனக்குச் சொல்லாதே, என் வாய் உனக்குத் தெரியும்.

தையில் கல்யாணம் நடக்கட்டும் என்றால் எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம். வேண்டாம் என்றால், "மாமா, புலி அடிங்க" என்று ஒரு கார்டு போடு. ரமேஷ் இங்கே வங்காளிப் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று அக்காவிடம் அழுதுவிடுகிறேன். அவனும் சம்மதித்துவிட்டான். ஊர் எங்களைத்தான் திட்டும், உன்னை ஒரு சொல் சொல்லாது. என் பொய்யை இதுவரை யாரும் நம்பியதில்லை என்கிறாள் உன் அத்தை. இதை நம்புவார்கள். நன்றாகச் சொல்வேன்.

நீ யாரைக் கட்டினாலும் தாய்மாமன் சீர்த்தட்டு என் தலையில்தான் வரும். நல்லா இரு, சாமி.

உன் மாமன்,
சிவலிங்கம்