மடுத்தீனின் முழங்கை

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ் 18
31.05.2025, சனிக்கிழமை

அன்புள்ள நண்பன் மடுத்தீனுக்கு,

குலசேகரம் எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே சுகம். குருநகரில் உன் அம்மாவின் இடுப்பும் உன்னுடைய பொறுமையும் எந்த அளவில் இருக்கின்றன என்று அறிய ஆவல். அம்மா தடி பிடித்துக்கொண்டு கோயில் வாசல் வரை நடந்துவிட்டதாக உன் மனிசி இம்மாகுலேற் சொன்னாள். கேட்க ஆறுதலாக இருந்தது. நீ ஊருக்குப் போய் நாலு மாதமாகிவிட்டது. லா சப்பலில் நீ வேலை செய்யும் உணவகத்தில் கொத்து ரொட்டி போட ஒரு புதுப் பெடியன் நிற்கிறான். சத்தம் இருக்கிறது, ருசி இல்லை. முதலாளி என்னைக் காணும்போதெல்லாம் நீ எப்போது வருவாய் என்று கேட்கிறார்.

வாட்ஸ்அப் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். உன் மகள் பியட்றிஸின் பேஸ்போல் கதையை எடுத்தால் நீ பாதியில் வெட்டிவிடுகிறாய். இதுவரை மூன்று தரம். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. கிழித்தாலும் வாசித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியும். அதோடு இதற்குள் ஒரு பத்திரம் இருக்கிறது. அதில் உன் கையொப்பம் வேண்டும். ரோசாலி அக்கா இதை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை ஊருக்குப் புறப்படுகிறார், பதினெட்டாம் திகதி திரும்புகிறார். பத்திரத்தைக் கொடுக்க இருபதாம் திகதி கடைசி நாள்.

விசயம் உனக்குத் தெரியும். ஆனாலும் ஒழுங்காக எழுதிவிடுகிறேன். தெற்கே, ரயிலில் நாலு மணி நேரத் தூரத்தில், பேஸ்போல் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. விடுதியில் தங்கிக்கொண்டு லிசே என்கிற உயர்தரப் படிப்பையும் அங்கேயே முடிக்கலாம். நம் கழகத்தில் இருந்து ஒரே ஒரு பந்தெறிபவருக்கு இடம் தந்திருக்கிறார்கள். லான்சர் என்பார்கள் இங்கே. பயிற்சியாளர் மரியான், நம் பியட்றிஸின் பெயரைக் கொடுத்தாள், அவர்களும் வந்து பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். பிள்ளைக்குப் பதினேழு வயது என்பதால் தாயும் தகப்பனும் ஒப்பமிட வேண்டும். இம்மாகுலேற் போட்டுவிட்டாள். உன் இடம் காலியாக இருக்கிறது. நீ போடாவிட்டால் அந்த இடம் கழகத்தின் இன்னொரு பெடியன் கெவினுக்குப் போகும்.

நீ இம்மாகுலேற்றிடம் சொன்னதையும் அவள் என்னிடம் சொன்னாள். எறியிறதெல்லாம் ஒரு விளையாட்டோ, அந்தப் பேர் என்னோடை போகட்டும், என்ரை பிள்ளைக்கு வேண்டாம் என்றாயாம். மடுத்தீன், இந்த விளையாட்டைப் பற்றி நானும் உன்னைப் போலத்தான் நினைத்தேன். இரண்டு வருடத்துக்கு முன் இம்மாகுலேற்றுக்கு ஞாயிற்றுக்கிழமையும் றுவாசியில் விமானம் துப்புரவாக்கும் வேலை வந்தபோது, பியட்றிஸை என் வான் வண்டியில் மைதானத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். விட்டுவிட்டு வருவதுதான் திட்டம். ஒரு பத்து நிமிடம் பார்ப்போம் என்று வாங்கில் குந்தினேன். ஒரு பெடியன் முழங்கையை மடக்கி ஒரு எறி எறிந்தான். நான் எழும்பி நின்று, எறி, எறி, நோ போல் என்று கத்திவிட்டேன். முழு மைதானமும் திரும்பிப் பார்த்தது. பியட்றிஸ் தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டாள். கிரிக்கெற்றில் கையை நீட்டிப் போடுவதற்கே பழகிய நமக்கு அது குற்றம், அவர்களுக்கு அதுதான் தொழில். எனக்கு அது விளங்க மூன்று ஞாயிறு பிடித்தது. அதன் பிறகு ஒரு ஞாயிறும் நான் வீட்டில் இருந்ததில்லை. என் மனிசி பேசாத பேச்சில்லை.

ஆகவே இப்போது நான் ஒரு ரசிகன். ரசிகன் என்ற உரிமையில் நம் மூன்று இளம் லான்சர்களைப் பற்றி என் அபிப்பிராயத்தை எழுதுகிறேன். பியட்றிஸ் என் மடியில் வளர்ந்த பிள்ளைதான், ஆனால் மைதானத்தில் நான் யாருக்கும் மாமன் இல்லை.

கெவின் எங்கள் கட்டிடத்து நாலாம் மாடி லூர்துசாமி ஐயாவின் பேரன். பாண்டிச்சேரிக்காரர், தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், மைதானத்துக்கு மடக்குக் கதிரையோடு வருவார், உனக்குத் தெரியும். பெடியனுக்கு ஆறடி உயரம். மணிக்கு நூற்று இருபத்தைந்து கிலோமீற்றர் எறிகிறான். ஆனால் எங்கே போகும் என்று பந்துக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அடிப்பவனுக்கு எட்டாத இடத்தில் நாலு பந்து போனால் அவன் மட்டையை அசைக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். போன மாதம் ஒரே ஆட்டத்தில் ஒன்பது பேர் இப்படிக் காலாற நடந்தார்கள். நான் இதைச் சொன்னால், கட்டுப்பாட்டக் கத்துக்கலாம் மிஸ்யே, வேகத்த எந்தக் கடையில வாங்குவீங்க என்று லூர்துசாமி ஐயா கேட்பார். அதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு வருடம் பொறுத்தால் பெடியன் பெரிய ஆளாக வருவான்.

யோன் கூசேன்வில்லில் இருந்து வருகிறவன். இடதுகை. பார்க்க அவ்வளவு வடிவு. யாருமே தளத்தில் நிற்காதவரை அவனை வெல்ல ஆளில்லை. ஒருவன் போய் நின்றுவிட்டால் போதும், அடிப்பவனை விட்டுவிட்டு அவனையே திரும்பித் திரும்பிப் பார்ப்பான், கழுத்துச் சுளுக்கிவிடும் போலிருக்கும். சோம்பேறி, ஆனால் நல்ல மனம். தோற்றாலும் எதிரணிக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் அழுவான். அவனுக்குப் பதினாறுதான், அவசரமில்லை.

பியட்றிஸின் வேகம் நூற்றெட்டு. மூவரிலும் குறைவு. இதை ஒளிக்க மாட்டேன். ஆனால் பிடிப்பவன் கையுறையை எங்கே வைக்கிறானோ அங்கே பந்து போய் இருக்கும். பிறகு ஒரு மெதுவான பந்து வைத்திருக்கிறாள். கை அதே வேகத்தில் வரும், பந்து வராது. அடிப்பவன் மட்டையைச் சுழற்றி முடித்து, தலையைச் சொறியும்போதுதான் பந்து அவனைக் கடந்து போகும். இதை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. மிச்சத்தை நாளை ஆட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன்.

ஞாயிறு, பின்னேரம்

வென்றுவிட்டோம். நாலுக்கு மூன்று. என் தொண்டை அடைத்துப்போய்விட்டது, அதனால் கடிதம் எழுதுவதே சுகம்.

கெவின்தான் தொடங்கினான். நாலாவது சுற்றுவரை நெருப்பு. ஐந்தாவதில் பழைய வியாதி வந்துவிட்டது, மூன்று பேரை நடக்க விட்டான். மூன்று தளமும் நிரம்பிவிட்டன, ஒருவர்கூட ஆட்டமிழக்கவில்லை. மரியான் பந்தெறியும் மேட்டுக்குப் போய் அவனோடு கதைக்க முயன்றாள். றுவாசிக்கு இறங்கும் விமானம் தலைக்கு மேலால் போனது, சத்தம் அடங்கும்வரை இருவரும் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவன் பந்தைக் கொடுத்தான். மரியான் பியட்றிஸை வரச் சொன்னாள்.

அவள் ஏறினாள். அடிக்க வந்த முதல் ஆள் அவளைப் பார்த்துச் சிரித்தான். மூன்றாவது பந்தில் அந்த மெதுவான பந்தைப் போட்டாள், மட்டையைச் சுழற்றிய வேகத்தில் அவன் முழங்காலில் விழுந்தான். சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டாவது ஆளும் அப்படியே ஆட்டமிழந்து போனான். மூன்றாவது ஆள் அடித்த பந்து நேரே மேலே கிளம்பியது, இறங்கி வந்தபோது அவளே பிடித்தாள். ஒரு ஓட்டமும் இல்லை. முதலில் எழும்பிக் கை தட்டியவர் யார் தெரியுமோ? லூர்துசாமி ஐயா. கதிரை மடிந்து கீழே விழுந்ததும் அவருக்குத் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்த பிறகு மரியான் என்னைக் கூப்பிட்டாள். தாய் தகப்பன் பாண்டிச்சேரி, அவளுக்குத் தமிழ் விளங்கும், பேச மாட்டாள். தொலைபேசியில் பிடித்த வீடியோவை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள். பியட்றிஸின் கை பின்னால் போகிறது, முழங்கை மடிகிறது, கடைசி நேரத்தில்தான் சடாரென்று நிமிர்கிறது. இதை யாருக்கும் பழக்க முடியாது, இந்த முழங்கையால்தான் அடிப்பவர்கள் ஏமாறுகிறார்கள், இது இந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். அது உன் முழங்கை, மடுத்தீன். அசலாக அதே முழங்கை.

இனி எழுதப்போவதை நாற்பது வருடமாக எழுதாமல் இருந்தேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டு, கடைசிப் பள்ளிக்கூட ஆட்டம். நீ போட்ட மூன்றாவது பந்தில் அம்பயர் கையை நீட்டி நோ போல் என்றார். நாலாவதிலும், ஐந்தாவதிலும் சொன்னார். முழங்கை மடிந்து நிமிர்கிறது, இது வீச்சல்ல எறி என்றார். வேலியோரம் நின்றவர்கள் எறிகாரன், எறிகாரன் என்று கத்தினார்கள். பந்தை உன்னிடம் இருந்து வாங்கி என்னிடம் தந்தார்கள். நான் நாலு விக்கெற் எடுத்தேன், என்னைத் தோளில் தூக்கினார்கள். நீ அதற்குப் பிறகு ஒரு பந்தைத் தொட்டதை நான் காணவில்லை. அந்தப் பட்டம் உன்னோடு கடல் தாண்டி வந்தது. லா சப்பலில்கூட, எந்த மடுத்தீன், எறிகார மடுத்தீனோ என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அம்பயராக நின்ற கணக்கு வாத்தியார் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர். ஆட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் அவரிடம் போய், நாளைக்கு மடுத்தீன்ரை முழங்கையைக் கொஞ்சம் கவனியுங்கோ சேர் என்று சொன்னவன் நான்.

நான் பொய் சொல்லவில்லை, முழங்கை மடிந்தது உண்மை. ஆனால் நான் சட்டத்தைக் காப்பாற்றவா போனேன்? புதுப் பந்து எனக்குத் தராமல் உனக்குத் தந்தார்கள் என்ற எரிச்சலில் போனேன். அதற்குப் பிறகு தொண்ணூற்றியொன்றில் ஒரு பையோடு நான் பாரிசில் வந்து இறங்கியபோது, ஆறு பேர் இருந்த அறையில் உன் கட்டிலை எனக்குத் தந்துவிட்டு நீ நிலத்தில் படுத்தாய். அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டும் நான் சொல்லவில்லை. மன்னித்துக்கொள் மடுத்தீன். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இருந்ததில்லை, இப்போதும் இல்லை.

இன்று வில்லியே லே பெல்லில் உன் வீட்டுக்குத் திரும்பும்போது வானில் வைத்துப் பியட்றிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உடனே பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். இதை எனக்கு ஏன் சொல்கிறீர்கள், அப்பாவுக்கல்லவா சொல்ல வேண்டும் என்றாள். இன்று இரவுக்கு முன் எழுதாவிட்டால் இனி என் வானில் ஏற மாட்டாளாம், பஸ்ஸில் போவாளாம். கோபத்தில் உன்னையே உரித்து வைத்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, அப்படியென்றால் அப்பாவின் கையில் பிழை இருக்கவில்லை, விளையாடிய விளையாட்டுத்தான் பிழை என்றாள். இவ்வளவு சின்ன விசயம் நமக்கு ஏன் நாற்பது வருடம் விளங்கவில்லை?

உனக்கு என் மேல் கோபம் வரும். வர வேண்டும். திரும்பி வந்ததும் லா சப்பல் தெருவில் எல்லோரும் பார்க்க என்னை ஏசு, நான் தலை குனிந்து நிற்பேன். ஆனால் அந்தக் கோபத்தை இந்தப் பத்திரத்தில் காட்டாதே. கெவின் நல்ல பெடியன், அவனுக்கும் காலம் வரும். ஆனால் ஒரு முறை என்னால் உன் கையில் இருந்து பந்து பறிபோனது. இன்னொரு முறை அதே முழங்கைக்காக உன் மகளின் கையில் இருந்து போக வேண்டாம். பென்சிலால் சிறு புள்ளடி போட்டிருக்கிறேன், அந்த இடத்தில் ஒப்பமிடு. மாதாவும் எங்கள் பிள்ளையாரும் உன் வீட்டுக் கைகளுக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இறங்கும்போது பிள்ளை ஒன்று கேட்டாள். அப்பா அந்த மெதுவான பந்தை எப்படிப் பிடிப்பார், எத்தனை விரல், தையலோடா, தையலுக்குக் குறுக்கா என்று. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருடம் உன் பக்கத்தில் நின்றவன், மடுத்தீன், முழங்கையைத் தவிர வேறொன்றையும் நான் பார்க்கவில்லை. ஒப்பத்தோடு ஒரு வெள்ளைத் தாளில் அதைக் கீறி அனுப்பு. பிள்ளை வழி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
குலசேகரம்