முழுக்கக் கறுப்பான ஓவியம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்; அவர் படக்கதையைப் பென்சிலில் வரைவார். அவர் சின்னதாகப் பெருக்கல் குறி போட்ட இடங்களில் நான் கறுப்பு மை நிரப்புவேன். படக்கதை என்றால் இருவருக்கும் உயிர். இந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்களும் நாங்கள் இருவர்தான்.

ஞாயிறன்று நவீன ஓவியக் கண்காட்சிக்குப் போனோம். ஓர் ஓவியம் முழுக்கக் கறுப்பு. வேறொன்றும் இல்லை. என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை. அண்ணன் சிரித்தார்.

“பெருக்கல் குறி போட்டவன் கை நிக்கவே இல்ல போலடா. இதுல கதை எங்க?”

“கதை வேணாம்ணே. பாத்துக்கிட்டே இருந்தா போதும்.”

“இருட்டைப் பாக்க இவ்ளோ தூரம் வரணுமாக்கும்? வீட்டுல கண்ணை மூடினா ஆகாதா, மேதாவி?”

மறுநாள், அவர் மூன்று நாள் உழைத்து வரைந்த சந்தைக் காட்சி என் மேசைக்கு வந்தது. இரண்டு நிழல்களில் மட்டுமே பெருக்கல் குறி இருந்தது. நான் அங்கே நிறுத்தவில்லை. அத்தனை முகங்களும் மைக்குள் போய்விட்டன. கை தவறிவிட்டது என்று மேலாளரிடம் சொன்னேன். அண்ணன் நம்பவில்லை. நானும்தான்.

“இப்போ உனக்குப் புடிச்ச மாதிரி இருக்கா?” என்று மட்டும் கேட்டார். நேற்று வேறு அறைக்குப் போய்விட்டார். கவலைப்பட ஒன்றுமில்லை, அறை இப்போது விசாலமாக இருக்கிறது.

ஒரு போர்வை அனுப்புங்கள். கடிதத்தைச் சுருக்க வேண்டாம். தெருவில் யார் யாரைத் திட்டினாலும், அவர்கள் பேசியபடியே எழுதுங்கள். நான் வாய்விட்டுப் படித்துக்கொள்வேன்.

மேலாளர் கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்