படத்தின் ஓரத்தில் இருந்த அடுப்பு

ஓடைப்பட்டி
ஆவணி 14, 2009

அன்பு மகன் மாரிசெல்வத்துக்கு அப்பன் தவசி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடும் கன்றும் பந்தலில் கொடியும் சுகமாக இருக்கிறோம், அங்கே தோஹாவில் நீயும் உனக்கு வேண்டியவர்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று நம் கருப்பசாமியைக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல, வளர்கல்வி மையத்தில் எனக்கு எழுத்துச் சொல்லித்தந்த டீச்சர் அக்கம்மாள் எழுதியது. இது முழுக்க என் கை. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று நாலு நாளாக எழுதுகிறேன், விரல் வலித்தால் வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து மறுபடி எழுதுகிறேன். நீ காத்திருப்பது ஒரே ஒரு பதிலுக்குத்தான் என்று எனக்குத் தெரியும். ஷீஜாவைக் கட்டிக்கொள்ள உன் அம்மா சம்மதிக்கிறாளா இல்லையா, அதுதானே. சொல்கிறேன், ஆனால் நடந்ததை நடந்த வரிசையில்தான் சொல்வேன். கடைசிப் பக்கத்துக்குத் தாண்டிப் போகாதே. அறுபத்து நாலு வயதில் முதல் கடிதம் எழுதுகிறவனுக்கு அந்த மரியாதையையாவது கொடு.

சித்திரையில் நீ அனுப்பிய டிஸ்க்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அங்கே தோஹாவில் ஷீஜாவின் அக்கா வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவதை உன் சிநேகிதன் எடுத்தது. நம் பழைய டிவியைப் பற்றி உனக்கே தெரியும், டியூப் போய் எல்லார் முகமும் பச்சையாகிவிட்டது, சத்தம் வேறு கரகரவென்று. அதில்தான் போட்டுப் பார்த்தோம். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசு என்று நீ சொல்கிறாய், அந்தப் பெண் கும்பிடுகிறாள், பேச ஆரம்பிக்கிறாள், இரண்டு முறை முகத்தைத் திருப்பி வேறெங்கோ பார்க்கிறாள், பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுகிறாள். அத்தோடு படம் முடிந்துவிட்டது. உன் அம்மா எழுந்து போய் மாட்டுக்குத் தவிடு கலக்கினாள். அப்புறம்தான் என்னிடம், ஒரு பெரிய மனுசிகிட்டப் பேசுறப்ப பாதியில எந்திரிச்சுப் போகுதே, நாளைக்கு இந்த வீட்டுல எனக்கு என்ன மருவாதி இருக்கும் என்றாள். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியமும் வாங்கிவிட்டாள். நீ போனில் அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் கேக்கல, கேக்கல, சிக்னல் இல்ல என்று போனை என்னிடம் தந்தாளே, சிக்னல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கட்டப்பனைப் பெண், மலையாளத்துக்காரி என்பதால் அம்மா தயங்குகிறாள் என்று நீ நினைத்திருப்பாய். அதெல்லாம் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஏலத்தோட்டத்தில் எட்டு வருஷம் காய் எடுத்தவள், மலையாளம் உன்னைவிட அவளுக்கு நன்றாக வரும். அவளுக்கு வலித்தது அந்த எழுந்து போனதுதான்.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மொகங்கூடச் சரியாத் தெரியாத பிள்ளைக்கு நான் என்னத்தச் சரின்னு சொல்ல என்று ஒரே பிடியாக நின்றாள். அதனால்தான் நீ பெரிய டிவி வாங்கச் சொன்னதும் நான் மறுக்கவில்லை. அந்த முகம் உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டும், அதற்குத் தோதான பெட்டி எதுவோ அதுதான் வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது.

தேனிக்கு உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். திராட்சைப் பந்தல் போடும் கருத்தக்கண்ணனும் வந்தான். வீட்டில் சுவருக்கும் அம்மா உட்காரும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பந்தல் கயிற்றில் அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டு போயிருந்தேன். கடைக்காரர் நல்ல மனிதர், அந்தக் கயிற்றைப் பிடித்துப் பார்த்துவிட்டு இதுக்கு நாப்பத்திரண்டு இஞ்ச் சரியா இருக்கும் ஐயா என்றார். எல்சிடி என்று ஒரு வகை, பிளாஸ்மா என்று ஒரு வகை. எல்சிடி கரண்டு கம்மியாக இழுக்குமாம், கனமும் குறைவாம், அதையே எடுங்கள் என்றார். எல்லாப் பெட்டியிலும் ஒரே படம், கடலுக்குள் சிவப்பு மீன்கள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு எல்லாமே ஒன்றுபோல்தான் இருந்தது. அம்மாவுக்கு நாற்காலி போட்டார்கள், அவள் உட்காரவில்லை. நான் வீட்டுல டிவிக்கு நேரா உக்காருறவ இல்ல, அடுப்பையும் பார்க்கணும் படத்தையும் பார்க்கணும் என்று சொல்லி, கடை வாசல் ஓரமாகப் போய், நம் வீட்டு அடுப்படி நிலைக்குப் பக்கத்தில் உட்காருவது மாதிரியே தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்துவிட்டாள். வந்தவர்கள் எல்லாம் சுற்றிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தாள். இந்தப் பொட்டியில இங்கன இருந்து பார்த்தா மீனு வெளுத்துப் போயிருக்கு, அந்தா அதுல மட்டுந்தான் எங்கன இருந்து பார்த்தாலும் செவப்பா இருக்கு என்றாள். கடைக்காரர் தானும் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். ஆத்தா சொல்றது சரிதான், அது பிளாஸ்மா, கரண்டு கூட இழுக்கும், சூடாகும், ஆனா எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் நெறம் மாறாது என்றார். அதையே எடுத்தோம். வோல்டேஜுக்காக ஒரு ஸ்டெபிலைசரும் எடுத்தோம்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன். டிவியைத் திராட்சை ஏற்றும் வண்டியில்தான் கொண்டுவந்தோம். நம் பழக்கம் தெரியுமே, எந்த உடையும் சாமானாக இருந்தாலும் வைக்கோல் பரப்பிப் படுக்கப் போட்டால் ஆடாது என்பது நம் நினைப்பு. நானும் கருத்தக்கண்ணனும் அந்தப் பெட்டியை அலுங்காமல் வைக்கோலில் படுக்க வைத்து, மேலே இன்னும் இரண்டு பிடி வைக்கோல் தூவினோம். அம்மா டிரைவருக்குப் பக்கத்தில், நாங்கள் பின்னால். பெட்டியில் கடைக்காரர்கள் ஒரு தமிழ்த் தாள் ஒட்டியிருந்தார்கள். எழுத்தைக் கண்டால் இப்போது என்னால் விட முடிவதில்லை, வண்டி ஆட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தேன். வீரபாண்டி தாண்டும்போது ‘இந்தப் பெட்டியை’ வரைக்கும் வந்திருந்தேன். சீலையம்பட்டி வரும்போதுதான் ‘படுக்க வைக்கக் கூடாது, கண்ணாடி விரிசல் விடும்’ என்று முடிந்தது. தட்டி வண்டியை நிறுத்தச் சொல்லி, இருவருமாகத் தூக்கி நிறுத்தி, ஆளுக்கொரு பக்கம் கட்டிப் பிடித்துக்கொண்டே வீடு வந்தோம். கருத்தக்கண்ணன், மாமா, நீங்க படிக்காமலே இருந்திருந்தா நிம்மதியா வந்திருப்பமே என்றான். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. கண்ணாடி போயிருந்தால் முகமும் போச்சு, சம்மதமும் போச்சு என்று அந்தப் பெட்டிப் பக்கமே போய்ப் போய் நின்றேன்.

உடனே போட்டுப் பார்க்கவும் வழியில்லை. கம்பம் டவுனிலிருந்து டிவியை மாட்டிவிட வந்த மெக்கானிக் ஏசுதாசன் நம் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஐயா இது மண்சுவரு, இதுல போல்ட்டு நிக்காது, பொட்டி முப்பது கிலோவுக்கு மேல இருக்கு, சுவத்தோட வந்துரும் என்று கையை விரித்தார். நம் வீட்டு மேசைதான் தொட்டாலே ஆடும். கருத்தக்கண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், ஒரு ஏக்கர் கொடியவே தாங்குது கல்லுக்காலு, இத்தினிப் பொட்டியத் தாங்காதா என்றான். சொன்னதோடு நிற்கவில்லை, தோட்டத்தில் மிச்சம் கிடந்த இரண்டு கல்காலைக் கொண்டுவந்து, தரையை ஒரு முழத்துக்குத் தோண்டி, நட்டு, குறுக்கே இரும்புப் பட்டை கொடுத்து சிமெண்டு போட்டுவிட்டான். அம்மாவுக்கு வந்ததே கோபம். வீட்டுக்குள்ள கொடி ஏத்தப் போறீகளா, நாளைக்கு மருந்தடிக்கவும் இங்கனயே வருவீகளா என்று கேட்டாள். திட்டிக்கொண்டேதான் பந்தலுக்கு முதல் கால் நடும்போது வைக்கிற மாதிரி இரண்டு கல்லுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமமும் வைத்தாள். சிமெண்டு இறுக மூன்று நாள் ஆகும் என்றார்கள். அந்த மூன்று நாளும் டிவி பெட்டிக்குள்ளேயே, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றது. நான் அதைக் கடக்கும்போதெல்லாம் காதை வைத்துக் கேட்பேன், விரிசல் விட்டால் சத்தம் வருமோ என்று. உன் அம்மா, என்ன, டிவி உள்ள இருந்து கூப்புடுதா என்று கேட்டாள்.

போன வெள்ளிக்கிழமை ஏசுதாசன் மறுபடி வந்தார். பத்து மணிக்குப் போன கரண்டு பன்னிரண்டுக்கு வந்தது. பெட்டியைப் பிரித்தபோது நான் பார்க்கவில்லை, கருப்பசாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை, ஒரு கீறல் கிடையாது. அப்போதுதான் நான் உண்மையைச் சொன்னேன். உன் அம்மா, அதான் மூணு நாளா மொகம் அப்படி இருந்துச்சா, நான் வயித்து வலின்னுல்ல கசாயம் வச்சுக் குடுத்தேன் என்றாள். வாசல் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து மாடுதான் தெரிந்தது, வாசலில் ஒரு பழைய சேலையைக் கட்டி மறைத்தோம். முதல் படமாக உன் டிஸ்க்கைத்தான் போடச் சொன்னேன்.

நீ வந்தாய். எப்படி வந்தாய் என்று கேள், கன்னம் உப்பி, தோள் விரிந்து, நம் ஊர் மைனர் மாதிரி இருந்தாய். எம்புள்ள உடம்பு வச்சிட்டான், ஒட்டகப் பால் குடிக்கிறான் போல என்று அம்மாவுக்குப் பூரிப்பு. ஏசுதாசன், படம் அகலமா இழுத்துக்கிட்டு நிக்குது ஆத்தா, சரி பண்ணுறேன் என்று ஒரு பட்டனை அமுக்கினார், நீ பழையபடி ஒல்லியாகிவிட்டாய். ஏலே, எம்புள்ளைய எதுக்கு வத்தப் போட்ட, மொதல்ல இருந்த மாதிரி வையி என்று அவரோடு சண்டைக்கே போய்விட்டாள். நீ வேளைக்குச் சாப்பிடு, இதை மறக்காதே.

அப்புறம் ஷீஜா. அம்மா அடுப்படி நிலையில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பச்சை இல்லை, கலங்கல் இல்லை, மூக்கில் இருக்கும் சின்ன மச்சம்வரை தெரிந்தது. கும்பிட்டாள், பேச ஆரம்பித்தாள், முகத்தைத் திருப்பினாள். வந்துவிட்டதே அந்த இடம் என்று நான் உன் அம்மா பக்கம் திரும்பினேன். உன் அம்மா திடீரென்று எழுந்து நின்றாள். ஓடு மோளே, பாலு என்று டிவியைப் பார்த்து மலையாளத்தில் கத்தினாள். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. படத்தின் ஓரத்தில், உங்கள் பின்னால், ஒரு அடுப்பு இருக்கிறது. அதில் பால் பாத்திரம், நுரை விளிம்புக்கு வந்துவிட்டது. அதைத்தான் அந்தப் பெண் இரண்டு முறை திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறாள், அதற்குத்தான் எழுந்து ஓடியிருக்கிறாள். பழைய பெட்டி நாலு ஓரத்திலும் ரெண்டு விரல் அளவுக்குப் படத்தை முழுங்கிரும், இதுலதான் முழுசா வரும் என்று ஏசுதாசன் சொன்னார். நாலு மாதமாக நம் வீட்டில் நடந்த வழக்கு அந்த இரண்டு விரல் இடத்தில் இருந்திருக்கிறது.

அம்மா அப்படியே உட்கார்ந்து சிரித்தாள் பார், கண்ணில் தண்ணீர் வர. நானா இருந்தாலும் எந்திரிச்சுத்தான் போயிருப்பேன், பாலப் பொங்க விட்டுட்டு என்ன பேச்சு என்றாள். உள்ள இருந்தவுக யாராச்சும் அணைக்கக் கூடாதா, இவன் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கான் பாரு என்று உனக்குத்தான் திட்டு. திரும்பப் போடச் சொன்னாள், மறுபடியும் போடச் சொன்னாள். ஐந்தாவது முறை, அந்தப் பெண் கும்பிடும் இடத்தில் படத்தை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டாள். ஏசுதாசன் பதறி, ஆத்தா, இந்த டிவியில ஒரே படத்த ரொம்ப நேரம் நிப்பாட்டி வைக்காதீக, கண்ணாடியில அந்த மொகம் தடமா விழுந்துரும், அப்புறம் போகாது என்றார். அடுப்படியிலிருந்து அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எம் மருமக மொகந்தான, விழுந்தா விழட்டும் என்றாள்.

இதுதான் பதில். இதை அன்றைக்கே போனில் சொல்லியிருக்கலாம். நான்தான் அவளைக் கெஞ்சி, என் கையால் எழுதும் முதல் கடிதத்தில் இந்தச் சேதி போகட்டும், அதுவரை வாயைத் திறக்காதே என்று கேட்டுக்கொண்டேன். ஆகையால் இடையில் நீ போனில் கேட்டு அவள் கேக்கல, கேக்கல என்று சொல்லியிருந்தால் இந்த முறை அது எனக்காகச் சொன்னது, கோபித்துக்கொள்ளாதே. தை மாதம் லீவு போட்டு வாருங்கள். பெண் வீட்டாரைப் பார்க்கக் கட்டப்பனைக்கு ஜீப்பில் போக வேண்டும், அங்கே தானே பேசிக்கொள்வதாக அம்மா சொல்லிவிட்டாள், என்னை வாயைத் திறக்க விடமாட்டாள் போலிருக்கிறது.

உனக்கும் ஷீஜாவுக்கும் எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதம், கருப்பசாமி துணை இருப்பார். மறந்துவிடாதே, அடுத்த டிஸ்க் எடுக்கும்போது அடுப்பை அணைத்துவிட்டு உட்காரச் சொல், அவள் பாதியில் விட்ட பேச்சை முழுசாகக் கேட்க வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது அவள்தான். கீழே என் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் மஞ்சளிலேயே இருக்கும் கட்டைவிரல் ரேகை உன் அம்மா சங்கிலியம்மாளுடையது, சம்மதத்தைத் தானே எழுதிக்கொடுத்ததாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு
உன் அப்பன்
தவசி