உயிர்த்த ஞாயிறுக்கு வரலாமா?

டண்டினோங், மெல்பேர்ண்
06.03.2025

அன்புள்ள ஞானமலர்,

ஆண்டவர் உம்மையும் மகள் நிஷானியையும் சுகமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். "உங்கட குரலைக் கேட்டால் நம்பிப்போடுவன், எழுதுங்கோ" என்று போனில் சொன்னீர். எழுதுகிறேன்.

குடியை விட்டு ஏழு மாதம். ஒரு சொட்டும் இல்லை. ஸ்ரனிஸ்லாஸ் அண்ணன் வீட்டு அறையில்தான் இன்னும் இருக்கிறேன். ஞாயிறு தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்கிறேன். நேற்று விபூதிப் புதன். நெற்றிச் சாம்பலோடு வேலைக்குப் போக, ஊத்தை என்று நினைத்து ஒருவன் துடைத்துவிட வந்தான்.

உயிர்த்த ஞாயிறுக்கு வீட்டுக்கு வரலாமா?

உமது எறிக்

*

லிட்கம், சிட்னி
14.03.2025

நிஷானியின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நிஷானிக்குத் தாதிப் படிப்பில் இது கடைசி வருடம்.

ஏழு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்ரனிஸ்லாஸ் அண்ணனுக்குப் போன் எடுத்தேன். "அவன் நல்லாத்தான் இருக்கிறான், தங்கச்சி" என்றார். சொல்ல முதல் ஒருதரம் இருமினார். தை மாதம் நீங்கள் போன் எடுக்கவில்லை, அப்போது எப்படி இருந்தவர் என்று கேட்டேன். அவர் மழையைப் பற்றிக் கதைத்தார்.

இரண்டு தரம் வேதாகமத்தில் கைவைத்துச் சத்தியம் செய்தீர்கள். பிறகு நிஷானியின் உறுதிபூசுதல். ஆயர் அவள் நெற்றியில் தைலம் பூசும்போது, பின்னால் நீங்கள் குடிவெறியில் கதிரையோடு விழுந்தீர்கள். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் படங்களை அவள் இன்றைக்கும் பார்ப்பதில்லை.

நீங்கள் வாசகம் வாசித்தால் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு அதுதான் பயம்.

ஞானமலர்

*

டண்டினோங்
22.03.2025

அன்புள்ள ஞானமலர்,

நீர் பொலிஸ்காரர் மாதிரி விசாரிக்கிறீர். இயேசுவை மூன்று தரம் தெரியாது என்று சொன்ன இராயப்பரிடம்தான் அவர் தன் ஆடுகளை ஒப்படைத்தார். கடவுளே பொறுத்துவிட்டார். உமக்கு ஏன் முடியவில்லை?

எறிக்

*

லிட்கம்
29.03.2025

நிஷானியின் அப்பாவுக்கு,

கடவுளுக்குப் பொறுமை இருக்கும். அவர் உங்களோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தவில்லை.

இராயப்பர் வெளியே போய் மனங்கசந்து அழுதார். நீங்கள் உறுதிபூசுதலுக்கு மறுநாள் மத்தியானம் வரைக்கும் நித்திரை கொண்டீர்கள். எழும்பி, "கறி என்ன?" என்று கேட்டீர்கள்.

வர வேண்டாம்.

ஞானமலர்

*

டண்டினோங்
07.04.2025

ஞானமலர்,

ஏழு மாதம் என்றது பொய். தை மாதம் குடித்தேன். கார் நிற்கிற இடத்தில் கிடந்த என்னை அண்ணன்தான் தூக்கிக்கொண்டு போனார். உம்மிடம் சொல்ல வேண்டாம் என்று அவரைக் கெஞ்சினேன்.

உமது கடிதம் வந்த பிறகு, போன சனிக்கிழமை, திரும்பவும் குடித்தேன். உமது பிழை இல்லை. கடைக்கு நடந்து போனது என்னுடைய கால்தான்.

அடுத்த நாள் வாசகம் என்னுடைய முறை. "ஃபாதர், நான் மேல ஏற மாட்டன். என்னில மணக்குது" என்றேன். அவர், "அப்ப பின்னால கடைசி வாங்கில இரும். வீட்டை மட்டும் போகாதையும்" என்றார். இருந்தேன். பூசை முடியும் வரைக்கும் இருந்தேன். ஒருவரும் என்னை எழும்பிப் போகச் சொல்லவில்லை.

இதை எழுதினால் நீர் கதவைப் பூட்டிவிடுவீர் என்று தெரியும். உயிர்த்த ஞாயிறுக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம். நான் வரக்கூடிய ஆள் இல்லை.

எறிக்

*

லிட்கம்
11.04.2025

அன்புள்ள எறிக்,

உங்கள் கடிதத்தில் பொய்யைத் தேடி மூன்று தரம் வாசித்தேன். அகப்படவில்லை. கலியாணம் கட்டி இருபத்திநாலு வருடத்தில் இது முதல் தரம்.

நிஷானியிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "அப்பாக்கு சிகிச்சை வேணும் அம்மா, சத்தியம் இல்லை" என்றாள். டண்டினோங்கில் ஒரு இடம் விசாரித்து வைத்திருக்கிறாள். பெயர் கொடுக்க நீங்கள்தான் நேரே போகவேண்டுமாம்.

வீட்டுக்கு இப்போது வர வேண்டாம். உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாள், பெரிய சனிக்கிழமை, நாங்கள் இரண்டு பேரும் அங்கே வருகிறோம். திரும்பி வர ரிக்கெட்டும் எடுத்துவிட்டேன். உங்களில் குடி மணந்தால் பூசைக்கும் நிற்காமல் திரும்பிவிடுவேன்.

என் சந்தேகம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அதையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

ஞானமலர்