சோஹாரில் நாற்காலி போதவில்லை

என் ஜெசிந்தா அக்காவுக்கு,

கர்த்தருடைய சமாதானத்தில் இருப்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் நலம் விசாரிக்காமல் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. சுகமா அக்கா?

நம்ம தமிழ் ஆராதனை நிற்கவில்லை! அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது எவ்வளவு வாடிப்போயிருந்தீர்கள்! "அம்புட்டுப் பெரிய கோயில ஹோட்டலா ஆக்கிட்டாங்க மெர்சி. பீடம் இருந்த இடத்துல உக்காந்து காப்பி குடிக்காங்க. எல்லாம் முடியப்போகுது போல" என்றீர்கள். இங்கே ஓமானில், சோஹாரிலும் குடும்பம் குடும்பமாக ஊர் திரும்ப, நம் சபை தேய்ந்துகொண்டிருந்தது. ஈஸ்டருக்குள் ஆள் சேராவிட்டால் கோயிலில் தமிழுக்கு ஒதுக்கிய நேரம் வேறு மொழிக்காரர்களுக்குப் போய்விடும் என்று போதகர் சொல்லிவிட்டார். அந்தக் கவலையோடுதானே கண்ணை மூடினீர்கள்?

நீங்கள் போன பிறகு ஒருநாள், எங்கள் கம்பெனி பஸ் ஓட்டும் செல்வத்திடம் புலம்பினேன். அரியலூர்க்காரர். திருநீறு பூசாமல் வண்டி எடுக்க மாட்டார்.

"எங்க லேபர் கேம்ப்லயே உங்க ஆளுங்க நெறைய பேரு இருக்காங்கக்கா. வெள்ளிக்கிழமை லீவானா செல்போன்ல ஜெபப் பாட்டு கேட்டுக்கிட்டுக் கெடப்பாங்க."

"பின்ன ஏன் கோயிலுக்கு வரல?"

"கேம்ப் எங்க இருக்கு, கோயில் எங்க இருக்கு? டாக்ஸி காசுக்கு எங்க போறது? மேனேஜர்கிட்ட பஸ் கேளுங்க. ஓட்ட நான் இருக்கேன்."

தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். எங்கள் மேனேஜர் ஓமானி, முஸ்லிம். "தொழத்தானே போகிறார்கள்? யல்லா, கிளம்பு, கொண்டு போ" என்று உடனே சொல்லிவிட்டார்.

ஈஸ்டர் ஆராதனைக்கு பஸ் வந்தது. இறக்கிவிட்டு, மறுபடியும் போய் இன்னொரு பஸ் நிறையக் கொண்டுவந்தார் செல்வம். வெல்டர்கள், சாரம் கட்டுகிறவர்கள், எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டையில். மலையாள சபையிடம் நாற்காலி வாங்கிப் போட்டும் போதாமல் சுவரோரம் நின்றார்கள். "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றார் போதகர். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று அத்தனை பேரும் சேர்ந்து சொன்ன சத்தத்தைக் கேட்டு, அவர் இன்னொரு தரம் சொல்லவைத்தார். நான் அழுதேவிட்டேன்.

இவர்கள் யாரும் புதிதாக நம்பியவர்கள் இல்லை அக்கா. விசுவாசம் அப்படியேதான் இருந்தது. நாம்தான் போய்க் கூப்பிடவில்லை.

ஜெர்மனியில் உங்கள் மகள் ஷாலினிக்கு வீடியோ அனுப்பினேன். உடனே போன் செய்தாள். "அம்மாவுக்கு அந்த மூடுன கோயில மட்டும் காட்டிட்டேன் ஆன்ட்டி. பக்கத்துத் தெருவுல ஆப்பிரிக்காக்காரங்க ஒரு ஹால் எடுத்து ஆராதிக்கிறாங்க, பாட்டுச் சத்தம் ரோடு வரைக்கும் வரும். அங்க கூட்டிட்டுப் போகத் தோணல பாருங்க." இப்போது அவள் அங்கேதான் போகிறாளாம். பல வருஷத்துக்குப் பிறகு!

உலகம் முழுக்க நம் சபை வளர்கிறதா, தேய்கிறதா? எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் இங்கே பாட ஆளில்லை என்ற கவலை இனி இல்லை.

துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கேம்ப் இருக்கிறதாம். அவர்களையும் கூட்டி வராமல் ஓயமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

கூடப் பிறக்காத உங்கள் தங்கை,
மெர்சி