பனிக்கரடிக்கு மன்னிப்பு உண்டு, ஜாக்கெட்டுக்கு இல்லை

வியாழக்கிழமை, 14 மார்ச் 2024
காலை 6.40 மணி
கடித எண்: 3 / 2024
பொருள்: முகநூலில் நீ எழுதியதும், அதன்மேல் உன் கம்பெனி எழுதியதும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நலம். மனத்தளவில் எப்படி என்பதை இக்கடிதத்தின் மிச்சத்திலிருந்து நீயே தெரிந்துகொள்வாய். நீயும் நலமாக இருக்க வேண்டும், அதுவும் காய்ந்த உடையில். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை, பத்தாம் தேதி, நீ பேசியபோது பாதி நேரம் நீ அழுதாய், மீதி நேரம் உன் அம்மா அழுதாள், எனக்குக் கிடைத்தது ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனை வைக்கும் நேரம் மட்டுமே. வாட்ஸ்அப்பில் எழுதலாம்தான், ஆனால் ஊரே எட்டிப்பார்க்கும் இடத்தில் மனக்குறையைக் கொட்டும் பழக்கம் இந்த வீட்டில் உன் ஒருத்திக்குத்தான் உண்டு.

பிப்ரவரி 25 அன்று நீ இட்ட பதிவைத் தெருமுனைக் கணினிக் கடையில் அச்செடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தேன். "எங்க கிடங்குல ஐஸ்கிரீமுக்கு இருக்கிற மரியாதை எங்களுக்கு இல்ல. அது உருகினா ஓடி வர்ற பனிக்கரடி, நாங்க விறைச்சா எட்டிக்கூடப் பாக்கிறதில்ல." எட்டுப் பேர் வேலை செய்யும் குளிர்கிடங்கில் ஜாக்கெட் ஐந்துதான், உள்ளேயிருந்து வருகிறவள் வேர்வையோடு கழற்றுவதை அந்த ஈரத்தோடே அடுத்தவள் மாட்டிக்கொண்டு உறைகுளிருக்குள் போக வேண்டும் என்றால், நியாயம் முழுக்க உன் பக்கம்தான். அந்த நியாயத்தை எங்கே கொண்டுபோய் வைத்தாய் என்பதுதான் என் கேள்வி. எழுத்தில் ஒரு வரி கொடுத்தீர்களா என்று கேட்டதற்கு, வாயால நாலு தடவை சொன்னோம்ப்பா என்றாய். குறை காற்றோடு போயிற்று. மேலாளரின் ரோமத் தொப்பியைப் பார்த்துப் பனிக்கரடி என்ற கிண்டல் மட்டும் எழுத்தில் நிற்கிறது. முந்நூறு பேருக்கு மேல் அதற்கு இதயம் அழுத்தியிருக்கிறார்கள். வருகிற 22ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, கம்பெனி உன்னை விசாரிக்கப்போகும் அறையில் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார அவர்களில் எத்தனை பேர் டிக்கெட் எடுத்திருக்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்.

நம் உறவினர்கள் அதன் கீழே திருவாய் மலர்ந்தருளியிருப்பது தனி ரகம். உன் பெரியம்மா மகன், வேலையைத் தூக்கிப் போட்டுட்டு வா தங்கச்சி, நாங்க பாத்துக்கறோம் என்று வீரம் பேசியிருக்கிறான். அவனுடைய பைக்குக்குப் பெட்ரோல் போடுவது இன்னமும் அவனுடைய அப்பா. உன் சித்தி, ரொம்ப இளைச்சுட்டே, நேரத்துக்குச் சாப்பிடு என்று எழுதியிருக்கிறாள். இவர்களையாவது விட்டுவிடலாம். நீ ஓரிடத்திலும் கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை; அந்தப் புத்தியாவது இருந்ததே என்று நான் நிமிர்ந்து உட்காரும்போதே, உன் சித்தப்பா, கம்பெனியின் பெயரையும் கிளையையும் தெளிவாகக் குறிப்பிட்டு, இவ்வளவு பெரிய கம்பெனியில் நிரந்தரமான எங்கள் வீட்டுப் பெண் என்று வாழ்த்தியிருக்கிறான். கேட்டதற்கு, பெருமையாத்தானேண்ணா போட்டேன் என்கிறான். அவன் பெருமைப்பட்ட மறுநாளே பனிக்கரடியின் மேசைக்கு அது போய்விட்டது. அவனிடம் நான் பேசுவதை இம்மாதம் 11ஆம் தேதி முதல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இனி கம்பெனியின் இலக்கியம். நீ படமெடுத்து அனுப்பிய மார்ச் 4ஆம் தேதி நோட்டீஸ் நான்கு பக்கம் ஓடுகிறது. கம்பெனியின் மாண்புக்குக் களங்கம் என்பது பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, ஈரம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. மாண்பு அவ்வளவு சீக்கிரம் ஜலதோஷம் பிடிக்கக்கூடியதென்றால் அதற்கும் ஒரு ஜாக்கெட் வாங்கிப் போர்த்தியிருக்கலாம். அலுவலகக் கண்காணிப்பாளனாக இத்தகைய நோட்டீஸ்களை எழுதியே ஓய்வு பெற்றவன் நான். எந்த வரியில் முள் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். நீ கையெழுத்திட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவதாகச் சொல்லி அவர்கள் தந்திருக்கும் மன்னிப்புக் கடிதத்தில் இரண்டே வாக்கியங்கள். மேலாளரைப் பட்டப்பெயரால் எழுதியதற்கு வருந்துகிறேன் என்பது முதலாவது. குளிர் உடைகள் எப்போதும் போதிய அளவில் இருந்தன, நான் எழுதியது பொய் என்பது இரண்டாவது.

நீ போனில் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. மார்ச் 6 அன்று வேனில் புது ஜாக்கெட்டுகள் வந்து இறங்கின, இப்பத்தான் ஆளுக்கொண்ணு வந்துடுச்சேப்பா, ஒரு கையெழுத்துப் போட்டா என்ன குறைஞ்சுடும் என்றாய். குறைவது உனக்கில்லை. எப்போதும் போதிய அளவில் இருந்தன என்று உன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டால், புதிதாக வந்தவை அத்தனையும் கணக்கில் அதிகப்படி. விசாரணைச் சூடு ஆறியதும் ஸ்டோர்காரர் வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போவார். அப்போது வாய் திறக்கிற எவளிடமும் உன் கையெழுத்தைத்தான் காட்டுவார்கள். நீங்கள் டீச்சர் என்று கூப்பிடும் அந்த மூத்த பெண், விரல் மரத்துப்போய்ப் பெட்டியைத் தவற விட்டவள், எல்லோரும் உன்னைக் கண்டு ஒதுங்கிப் போகிற இந்த நேரத்தில், நீ எழுதினதாலதான்டி என் ஜாக்கெட் காஞ்சிருக்கு என்று உன் காதோரம் சொன்னதாகச் சொன்னாய். அந்த ஒரு வாக்கியத்துக்காக உன் பதிவின் மற்ற லட்சணங்களை மன்னித்துவிட்டேன்.

ஆகவே முதல் வாக்கியத்துக்குக் கையெழுத்துப் போடு. மனிதரைக் கரடி என்றது தவறு, அவர் தொப்பி எப்படி இருந்தாலும். இரண்டாவதைப் பேனாவால் அடித்துவிடு. மறுத்துப் பேசினால், எப்போதும் போதுமான அளவில் இருந்ததென்றால் ஆறாம் தேதி வேன் எதை இறக்கியது என்று ஒரே ஒரு கேள்வி கேள்; கேட்டபின் வாயை மூடிக்கொண்டிரு, அது உனக்குக் கடினம் என்று தெரிந்தும் சொல்கிறேன். இரண்டாண்டு காத்திருந்து ஜனவரியில்தான் நிரந்தரமான வேலை, போய்விட்டால் என்ன செய்வது என்கிறாய். போகலாம். போகாது என்று பொய்த் தைரியம் சொல்ல எனக்கு வராது. நான் இதை எழுதும்போதே உன் அம்மா, பொண்ணு அங்கே நடுங்கிட்டிருக்கா, நீங்க தேதி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க என்று முணுமுணுத்தபடி என் தோள்வழியாக எல்லாவற்றையும் படித்தாள். ஒரு வரியையும் மாற்றச் சொல்லவில்லை.

19ஆம் தேதிக்குள் இது உன் கைக்கு வரும் என்கிறார் கூரியர்காரர். வந்ததும் போன் செய். விசாரணைக்கு முன்பாக ஏதேனும் சாப்பிட்டுவிட்டுப் போ, இது சித்தியின் யோசனையே ஆனாலும். முதுகு நிமிர்ந்து, குரல் தாழ்ந்து, நல்லபடியாக இருக்க எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அப்பா

இணைப்பு:
1. நோட்டீஸுக்கு உன் பெயரில் நான் எழுதிய பதில் கடிதம், இரண்டு பிரதிகள். ஒன்றில் அவர்களிடம் தேதியோடு கையொப்பம் பெற்று நீ வைத்துக்கொள்.
2. உன் அம்மா பின்னிய கையுறை, ஒரு ஜோடி. இடது கட்டைவிரல் பெரிதாக இருக்கிறது. அவள் இல்லை என்கிறாள்.
3. நம் வீட்டு வாசற்கதவுச் சாவி, ஒன்று. பிப்ரவரி 9 அன்று பூட்டை மாற்றிவிட்டோம். உன்னிடம் இருப்பது இனித் திறக்காது; நீ எப்போது வந்தாலும் இது திறக்கும்.