சுவிட்சைப் போடாதே, எழில்

ஆம்பூர்.

அன்பு மகள் எழிலரசிக்கு அப்பா எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன், வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். நீ ஜெர்மனியில் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தடித்த துணி போட்டுக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று செத்துப்போன உன் அம்மாவிடம்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். அதற்கு முன்னால் இதை மட்டும் படித்துவிடு. இங்கிருந்து அனுப்பிய உன் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தால் சுவிட்சைப் போடாதே. பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்க்காமல் போடவே போடாதே.

நீ அங்கிருந்தே ஏற்பாடு செய்த பார்சல் கம்பெனி ஆட்கள் வருவதற்கு முதல் நாள் நான் லீவு போட்டுவிட்டு உன் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். கப்பலில் ஒன்றரை மாதம் குலுங்குமே, உள்ளே இருப்பதெல்லாம் ஆடி உடைந்துபோகுமே என்று பயம். இருபத்தாறு வருஷமாக ஷூ கம்பெனி பேக்கிங் செக்‌ஷனில் ஷூ முனை நசுங்காமல் இருக்கக் காகிதத்தை உருட்டித் திணித்த கை, அதற்கு வேறென்ன தெரியும். காற்றாடியைச் சுற்றியும் அந்தக் கனமான கார்டுக்கு அடியிலும் காகிதத்தை உருண்டை உருண்டையாக இறுக்கித் திணித்து, மூடி, ஸ்க்ரூவும் முடுக்கிவிட்டேன். வந்தவர்கள் வெளியே மட்டும் சுற்றிக்கட்டி எடுத்துப் போனார்கள். போன வாரம் பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அஹமது பாஷாவிடம் போய், என் பேக்கிங்கைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டேன் பார், அவன் முகமே மாறிப்போய்விட்டது. "இன்னாண்ணே பண்ணி வச்சிருக்கீங்க, பாப்பா தெரியாம ஆன் பண்ணா சூடாயி பத்திக்கும்ண்ணே" என்றான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

யாரைப் பிடித்து உனக்குச் சொல்வது? நம்பரை மாற்றிவிட்டாய். அத்தை மகள் ஹேமலதா உன் பழைய மெயிலுக்கு மூன்று தடவை எழுதிவிட்டாள், பதில் இல்லை. அவளுக்குக் காட்பாடியில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அதுவும் உனக்குத் தெரியாது. பார்சல் கம்பெனிக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். மெசேஜ் அனுப்புகிறோம் சார் என்கிறார்கள். அனுப்பினார்களோ, என்னவென்று அனுப்பினார்களோ. அவர்கள் கையெழுத்து வாங்கிய தாளைப் பார்த்துத்தான் உன் விலாசமே எனக்குத் தெரிந்தது, அதனால்தான் இந்தக் கடிதம். பெட்டிக்கு முன்னால் இது வந்து சேர வேண்டுமே.

உனக்குச் சூடு கீடு பட்டுவிடுமோ என்று ஒரு பக்கம் பயம். இன்னொன்றும் இருக்கிறது, எழுதவே வெட்கமாக இருக்கிறது. இந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்துதானே வெளிநாட்டு வேலையைத் தேடினாய் என்று, நீ கிளம்புகிற வாரம் "இத்த கொளுத்திப் போட்டாத்தான் நீ அடங்குவே" என்று கத்தினேன். நீ அதை மறந்திருக்க மாட்டாய். இப்போது அது அங்கே புகைந்தால், அப்பா சொன்னதைச் செய்துவிட்டார் என்றுதானே நினைப்பாய்? சத்தியமாக இல்லை கண்ணு. நீ ஆசைப்பட்டு வாங்கிய பொருள் உடையாமல் உன் கைக்கு வர வேண்டும் என்றுதான் செய்தேன். பாவி நான், தெரியாமல் செய்துவிட்டேன்.

பிளக்கில் மாட்டாமலேயே மூடியைத் திற. மெதுவாக எடு, ஒயர் கூடவே வந்துவிடப் போகிறது. எண்ணித்தான் வைத்தேன், மொத்தம் பதினான்கு உருண்டை. பதின்மூன்றோடு நின்றால் காற்றாடிக்குப் பின்னால் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கும், விடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயசு நன்றாக இரு. நம் வீட்டு விலாசம் அதேதான். நீ என்னோடு பேச வேண்டாம், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவும் வேண்டாம். ஒரு தபால் அட்டையில் பதினான்கு என்று மட்டும் எழுதிப் போடு, எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சுந்தரமூர்த்தி